கடற்காற்றாலையின் கால் எதில் ஊன்றி நிற்கிறது

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் பாறைக்குன்றின் மேல் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளுக்குத் தோண்டிப் போட்ட அஸ்திவாரம் என்று எதுவும் கிடையாது. வெறும் பாறையின் மேல் பலகைக் கற்களை நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு மூடுகல்லை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கல்லின் கனமே கல்லை நிறுத்தி வைத்திருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களின் கதை வேறு. அவை ஒரு சாண், அரைச் சாண் கனமுள்ள பலகைகள். வெளியில் நின்ற காலத்தில் அவற்றை நிமிர்த்தி வைத்தது எடை அன்று, மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பகுதிதான். நடப்பட்ட கல் என்பதே அதன் பெயர்.

கடலுக்குள் காற்றாலை நிறுத்துகிற பொறியாளர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை 1991-இல் டென்மார்க்கின் விண்டெபி என்ற இடத்தில் அமைந்தபோது, அதன் 11 காற்றாலைகளும் கடலடியில் உட்கார வைத்த கான்கிரீட் பீடங்களின் மேல் நின்றன. அது கல்திட்டை வழி. ஒவ்வொன்றின் திறனும் வெறும் 450 கிலோவாட். அதன் பிறகு ஐரோப்பாவின் வடகடலில் எழுந்த காற்றாலைகளில் மிகப் பெரும்பான்மை நடுகல் வழிக்குப் போயின: ஒரே ஒரு பெரிய எஃகுக் குழாயைக் கடலடி மண்ணுக்குள் சம்மட்டியால் அடித்து இறக்கி, அதன் தலையில் கோபுரத்தைப் பொருத்துவது. மோனோபைல் என்று துறையில் சொல்வது இதைத்தான். கடலே இல்லாத நம் மாவட்டங்களில் இருந்துகொண்டு இதைப் பேச வேண்டிய காரணம், தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது என்பதும், அதற்கான விடையில் மணலைவிடப் பாறைக்கே அதிக இடம் இருக்கும் போலத் தெரிகிறது என்பதும்தான். பாறையைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும்.

அஸ்திவாரம் என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது சுமை தாங்குதல். வீடானாலும் தண்ணீர்த் தொட்டியானாலும் கீழ்நோக்கி இறங்கும் எடையை மண் தாங்குமா என்றுதான் கேட்கிறோம். காற்றாலையில் அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் பொது மாதிரியாக வைத்துக் கணக்கிடும் 5 மெகாவாட் காற்றாலை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் வெளியிட்டது. அதன் இறகுச் சக்கரம் 110 டன், மின்னாக்கி இருக்கும் தலைப்பெட்டி 240 டன், கோபுரம் ஏறத்தாழ 350 டன். ஆக மொத்தம் 700 டன். காற்று அதன் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை உச்சத்தில் சுமார் 80 டன் எடைக்குச் சமம். 700 டன்னுக்கு முன்னால் 80 டன் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த 80 டன் கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது; கடல் 20 மீட்டர் ஆழம் என்றால் கடலடி மண்ணிலிருந்து 110 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் அடியில் விழும் திருப்புத்திறன், அதாவது தூணைச் சாய்க்கப் பார்க்கும் வலு, 8,800 டன்-மீட்டர். இதை 700 டன்னால் வகுத்தால் 12.5 மீட்டர் வருகிறது. அதாவது எடையும் காற்றும் சேர்ந்த மொத்த விசையின் கோடு, தூணின் நடுவிலிருந்து 12.5 மீட்டர் தள்ளித் தரையைத் தொடுகிறது. தூணின் விட்டமோ 6 மீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 3 மீட்டர்தான்.

வெறும் எடையை நம்பி அந்தத் தூணைக் கடலடியில் வைத்தால் முதல் நல்ல காற்றிலேயே அது சாய்ந்துவிடும் என்பதைச் சொல்ல இதற்கு மேல் கணக்கு வேண்டியதில்லை. கான்கிரீட் பீடம் இதே சிக்கலை அகலத்தாலும் எடையாலும் தீர்க்கிறது. நீரின் மிதப்பு விசை போக 3,000 டன் நிகர எடை நிற்கும்படி 30 மீட்டர் விட்டமுள்ள பீடம் ஒன்றை வைத்தால், மொத்த எடை 3,700 டன் ஆகிறது; விசைக் கோட்டின் விலகல் 2.4 மீட்டராகக் குறைகிறது. வட்டப் பீடத்தின் எந்த ஓரமும் தரையை விட்டு எழும்பாமல் இருக்க அந்த விலகல் ஆரத்தில் கால் பங்குக்குள், இங்கே 3.75 மீட்டருக்குள், இருந்தால் போதும். அலையின் விசையை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. சேர்க்கும்போது பீடம் மேலும் பருக்கும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும், பலர் இதை மாற்றி நினைத்துக்கொண்டிருப்பதால். காற்று அதிகமாக அடிக்கும்போது காற்றாலையின் மேல் தள்ளுவிசை அதிகமாக இருக்கும் என்பது முழு உண்மையன்று. மேற்சொன்ன மாதிரியில் நொடிக்கு 11.4 மீட்டர் வேகத்தில் தள்ளுவிசை உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் வேகம் கூடக்கூட இறகுகள் தம்மைத் திருப்பிக்கொண்டு காற்றை நழுவ விடுவதால் விசை குறைகிறது; நொடிக்கு 25 மீட்டரைக் கடந்தால் ஓட்டம் நிறுத்தப்படுகிறது. ஆகவே அடித்தளத்தின் மேல் காற்றின் பெரிய அழுத்தம் புயல் நாளில் விழுவதைவிட, நல்ல உற்பத்தி நடக்கும் சாதாரண நாள்களில் விழுவதே அதிகம். புயல் நாளில் அடித்தளத்தைச் சோதிப்பது பெரும்பாலும் அலை.

மோனோபைல் இந்தத் திருப்புத்திறனை எப்படிச் சமாளிக்கிறது? காற்று மேலே தள்ளும்போது, தூணின் மேல்பகுதி மண்ணை ஒரு பக்கம் நெருக்குகிறது. அடிநுனி எதிர்ப்பக்கம் உதைக்கிறது. இரு பக்கத்து மண்ணும் கொடுக்கும் எதிர்ப்பு ஜோடிதான் தூணை நிறுத்துகிறது. பந்தல்கால் ஒன்றைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆனால் இதை எண்ணில் சொல்வதற்குத் துறை நெடுங்காலம் பயன்படுத்திய சூத்திரங்கள் பெட்ரோலியத் துறையிலிருந்து வந்தவை. மணலுக்கான சூத்திரத்தின் வேர், அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் மஸ்டாங் தீவில் 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்த்தூண்களை வைத்து நடத்திய சோதனைகள். நீண்டு மெலிந்த அந்தத் தூண்கள் பக்கவாட்டில் தள்ளினால் மூங்கில்போல் வளைபவை. இன்றைய மோனோபைலோ 8 மீட்டர், 10 மீட்டர் விட்டமும், மண்ணுக்குள் அதன் நான்கைந்து மடங்கு நீளமும் கொண்ட குட்டையான உருவம். அது வளைவதைவிட, முளைக்குச்சிபோல் முழுதாகச் சாயவே முயல்கிறது. அப்போது அடிநுனியின் உராய்வும், குழாய்ச் சுவரின் பக்க உராய்வும், பழைய சூத்திரம் கண்டுகொள்ளாத எதிர்ப்புகளாகச் சேர்கின்றன.

பழைய சூத்திரத்தை நம்பினால் தூண் தேவைக்கு மேல் நீளும், எஃகு வீணாகும். ஒரு பண்ணையில் நூறு தூண்கள் என்றால் அந்த வீணின் அளவை யோசித்துக்கொள்ளலாம். 2013-இல் தொடங்கிய பீசா என்ற கூட்டு ஆய்வில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், லண்டன் இம்பீரியல் கல்லூரி, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆகியவை காற்றாலை நிறுவனங்களோடு சேர்ந்து, இங்கிலாந்தின் கௌடன் என்ற இடத்துக் களிமண்ணிலும் பிரான்சின் டன்கர்க் மணலிலும் 2 மீட்டர் விட்டம் வரையுள்ள தூண்களைப் பதித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தன. குட்டைத் தூணுக்கு ஏற்ற புதிய கணக்குமுறை அதிலிருந்து பிறந்தது. எந்தச் சூத்திரமும் அது பிறந்த மண்ணின் வாசனையோடுதான் வருகிறது; இந்தக் கருத்துக்குப் பின்னால் திரும்ப வர வேண்டியிருக்கும்.

தூண் சாயாது, உடையாது என்று உறுதியான பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி அதிர்வு. ஒசூர்ப் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸோ கம்ப்ரசரோ நிறுத்தும் பொறியாளர்களுக்கு இது புதிதன்று. எந்திரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது என்றால் அது நொடிக்கு 25 முறை தன் பீடத்தைத் தட்டுகிறது. பீடமும் மண்ணும் சேர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண், அந்த 25-க்கு அருகில் வந்துவிட்டால், சின்னத் தட்டலும் ஒத்ததிர்வால் பெருகி, சில வாரங்களில் போல்ட்டுகள் கழன்று, பீடத்தில் வெடிப்பு விழும். அதனால் பீடத்தை நன்றாகக் கனமாக்கியோ, அடியில் ரப்பர் திண்டு வைத்தோ அந்த எண்ணிலிருந்து விலகிவிடுகிறார்கள்.

கடற்காற்றாலையில் விலகுவதற்கு இடம் அவ்வளவு தாராளமாக இல்லை. நம் 5 மெகாவாட் மாதிரியின் சக்கரம் நிமிடத்துக்கு 6.9 முதல் 12.1 சுற்று வரை சுழல்கிறது, அதாவது 0.115 முதல் 0.2 ஹெர்ட்ஸ் (நொடிக்கு ஒருமுறை என்பது ஒரு ஹெர்ட்ஸ்). மூன்று இறகுகளும் ஒவ்வொரு சுற்றிலும் கோபுரத்தின் முன்னால் கடந்து போகும்போது ஒரு சிறு தட்டல் விழுவதால், இதன் மும்மடங்கான 0.345 முதல் 0.605 ஹெர்ட்ஸ் வரையிலும் ஆபத்து. கீழே, ஐந்து முதல் பத்து நொடிக்கு ஒருமுறை வரும் அலைகள் 0.1 முதல் 0.2 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. மிச்சம் இருப்பது 0.2-க்கும் 0.345-க்கும் நடுவே ஒரு சந்து. இரு பக்கமும் பத்து சதவீதம் பாதுகாப்பு விட்டால் 0.22 முதல் 0.31 வரை. அந்தக் கோபுரத்தை அசையாத தரையில் நிறுத்தினால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 0.32, மோனோபைலின் மேல் நிறுத்தினால் நீரும் மண்ணும் கொடுக்கும் இளக்கத்தால் 0.28 அளவுக்கு இறங்கிச் சந்துக்குள் வந்து சேர்கிறது.

அடித்தளம் உறுதியாக இருக்க இருக்க நல்லது என்ற நம் பொதுப் புத்தி இங்கே தோற்றுப் போகிறது. மண் எதிர்பார்த்ததைவிட இளகினால் அதிர்வெண் இறங்கி அலையோடு கைகோக்கும். எதிர்பார்த்ததைவிட இறுகினால் ஏறி இறகுகளின் தட்டலோடு சேரும். இரண்டுமே கேடு. இந்தத் துறையில் நிலைத்தன்மை என்பதற்கு உண்மையான பொருள், சரியான அளவு நெகிழ்ந்து கொடுப்பதும், அந்த நெகிழ்வை 25 ஆண்டுகள் மாறாமல் வைத்திருப்பதும். முதலாவதைக் கணக்கால் சாதிக்கலாம். இரண்டாவதுதான் மண்ணின் கையில் இருக்கிறது.

காற்றாலைகள் பெரிதாக ஆக இந்தச் சந்து கீழே நகர்கிறது. சர்வதேச ஆற்றல் முகமையின் கூட்டாய்வில் உருவான 15 மெகாவாட் மாதிரிக்குச் சக்கர விட்டம் 240 மீட்டர். அது நிமிடத்துக்கு 5 முதல் 7.56 சுற்றே சுழல்கிறது. 10 மீட்டர் விட்டமுள்ள மோனோபைலின் மேல் அதன் இயல்பு அதிர்வெண் 0.17 ஹெர்ட்ஸ் அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆறு நொடி அலையின் அதிர்வெண்ணும் அதேதான். சக்கரத்திடமிருந்து தப்பிய கோபுரம் அலையிடம் மாட்டிக்கொள்ளும் இந்த நெருக்கடியைப் பெரிய எந்திரங்களின் விளம்பரங்களில் யாரும் எழுதுவதில்லை.

மண் ஏன் மாறுகிறது என்பதற்கு வருவோம். எங்கள் பக்கம் பாகற்காய், பீர்க்கங்காய்ப் பந்தலுக்குக் கல்லுக்கால் நடுவார்கள். நட்ட புதிதில் அசைக்க முடியாது. ஆடி மாதக் காற்றில் பந்தல் ஒரே பக்கமாக ஆடிக்கொண்டே இருந்தால், செம்மண்ணில் காலைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். மழைநீர் அதற்குள் இறங்கிச் சேறாக்கும். கால் மெல்லச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே நின்றுவிடும். அதே கால் மணற்பாங்கான இடத்தில் நின்றால், ஆட ஆடச் சுற்றியுள்ள மணல் குலுங்கி அடங்கிக் கெட்டிப்படுவதும் உண்டு. கடலடியில் இரண்டும் நடக்கின்றன, பெரிய அளவில். களிமண் திரும்பத் திரும்பப் பிசையப்பட்டால் வலுவிழக்கிறது. நெகிழ்ந்த மணலில் துகள்களுக்கிடையே சிக்கிய நீர் வெளியேற நேரம் கிடைக்காமல் அழுத்தம் கூடினால், துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. நீர் வெளியேற நேரம் கிடைத்தால் மணல் இறுகுகிறது. ஒரே தூணின் வாழ்நாளில் புயல் நாளில் முதலாவதும், அமைதியான மாதங்களில் இரண்டாவதும் நிகழலாம்.

எத்தனை ஆட்டம் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆறு நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் 25 ஆண்டில் 13 கோடி அலைகள். ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை சாய்வைப் பாக்கி வைத்துப் போனாலும் கூட்டுத்தொகை கணிசமாகிவிடும். நடைமுறையில் தூணின் நிரந்தரச் சாய்வுக்கு வைக்கப்படும் வரம்பு மொத்தம் அரை பாகை. அதில் கால் பாகை அடித்து இறக்கும்போதே ஏற்படும் கோணலுக்குப் போய்விடுகிறது. அரை பாகை என்றால் 110 மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விலகல். கட்டடம் இடிந்துவிடாது, ஆனால் தலைப்பெட்டியின் தாங்கிகளும் எண்ணெய் ஓட்டமும் நேராக நிற்பதை நம்பி வடிவமைக்கப்பட்டவை. இன்னொரு பக்கம் எஃகின் களைப்பு. பற்றவைப்பு மூட்டில் தகைவின், அதாவது எஃகுக்குள் எழும் அழுத்தத்தின், ஏற்ற இறக்கம் இரு மடங்கானால் சேதம் இரு மடங்காக அன்று, எட்டு மடங்காகக் கூடுகிறது. அதிர்வெண் சற்றே நகர்ந்தாலும் பொறியாளர்கள் பதறுவதன் காரணம் இதுதான்.

மண்ணின் குணம் மாறுவது ஒன்று. மண்ணே இல்லாமல் போவது இன்னொன்று. ஒகேனக்கல்லில் பாறையையே குழித்துப் போட்டிருக்கும் சுழல்நீரைப் பார்த்தவர்களுக்கு, ஓடும் நீரின் குறுக்கே நிற்கும் பொருளின் அடியில் நீர் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பாலத் தூண்களின் முன்முகத்தில் நீர் கீழ்நோக்கித் திரும்பி, குதிரை லாடம் போன்ற சுழலாகத் தூணைச் சுற்றி மணலை வாரிக்கொண்டு போகும். கடலில் நீரோட்டம் தொடர்ந்தால் மணற்படுகையில் இந்த அரிப்புக்குழி தூணின் விட்டத்தைப்போல் 1.3 மடங்கு ஆழம் வரை போகும் என்பது வடிவமைப்பு நெறிகளில் எடுத்துக்கொள்ளப்படும் அளவு. 6 மீட்டர் தூணுக்குக் கிட்டத்தட்ட 8 மீட்டர் குழி. தூணின் பிடிமானத்தில் மேல் 8 மீட்டர் போய்விட்டது என்பதோடு, சுதந்திரமாக ஆடும் நீளமும் 8 மீட்டர் கூடிவிட்டது. அதிர்வெண் இறங்கி, அலையின் பக்கம் போகிறது. ஆகவே தூணைச் சுற்றி முதலில் பொடி ஜல்லியும் அதன் மேல் பெருங்கற்களும் அடுக்குகிறார்கள். அடியடுக்கு இல்லாமல் பெருங்கல்லை மட்டும் கொட்டினால், கற்களின் இடுக்கு வழியே மணல் உறிஞ்சப்பட்டுக் கற்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கிவிடும். ஏரிக்கரைக்குக் கல் பாவுகிற கொத்தனார் சரளையை முதலில் விரிப்பதும் இதற்காகவே.

மண் இவ்வளவு சிக்கலாக இருக்கும்போது, துறைக்குப் பெரிய அடி விழுந்தது மண்ணால் அன்று. மோனோபைலை அடித்து இறக்கிய பிறகு அதன் தலையில் சற்றுப் பெரிய விட்டமுள்ள இன்னொரு குழாயைக் கவிழ்த்து, இரண்டுக்கும் நடுவே கிரவுட் எனப்படும் சிமென்ட் கூழை ஊற்றி ஒட்டவைப்பது பழைய வழக்கம். அடிக்கும்போது ஏற்பட்ட கோணலை இந்த இடத்தில் சரிசெய்துவிடலாம் என்பது அதன் வசதி. இரு குழாய்களும் நேர் உருளைகளாக, வழவழப்பாக இருந்தன. 2009, 2010 வாக்கில் வடகடலின் நூற்றுக்கணக்கான காற்றாலைகளில் மேல்குழாய் மெல்லக் கீழே நழுவிக்கொண்டிருப்பது தெரிய வந்தது. பக்கவாட்டு ஆட்டம் கிரவுட்டுக்கும் எஃகுக்கும் இடையிலான ஒட்டுதலைப் பிரித்துவிட, மேலே உள்ள எடை அதைச் சறுக்கவிட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அழுத்திப் பார்த்த சிறு மாதிரிகள் தாங்கின. முன்னும் பின்னும் கோடிக்கணக்கான முறை ஆடும் பெரிய விட்டக் குழாய் தாங்கவில்லை. அதன் பிறகு நெறிமுறைகள் திருத்தப்பட்டு, நழுவினால் தானே இறுகிக்கொள்ளும்படி கூம்பு வடிவ மூட்டும், உட்பக்கம் எஃகு வரம்புகள் பற்றவைத்த மூட்டும் வந்தன. இப்போது பலர் கிரவுட்டையே விட்டுவிட்டு விளிம்புத் தட்டுகளைப் போல்ட்டால் முடுக்குகிறார்கள்.

எஃகைத் துரு தின்னும் அரிமானத்தில் எனக்கு வியப்பளித்தது ஒன்றே ஒன்று. மோனோபைலின் உட்புறம் காற்றுப் புகாமல் மூடப்பட்டிருக்கும், உள்ளே மாட்டிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்தபின் துரு நின்றுவிடும் என்று கருதி உட்சுவருக்குப் பூச்சே தராமல் விட்டார்கள். மின்கம்பி நுழையும் துளையின் அடைப்புகள் கசிந்தன; அலை ஏற்ற இறக்கத்தோடு புதிய நீர் உள்ளே மூச்சு விட்டது; துரு நடந்தது.

ஆழம் கூடினால் ஒற்றைத் தூண் கட்டுப்படியாகாது. அப்போது மின்கோபுரம் போன்ற எஃகுச் சட்டகத்தை நான்கு சிறு தூண்களால் கடலடியில் தைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பியாட்ரிஸ் சோதனைக் காற்றாலைகள் 45 மீட்டர் ஆழத்தில் இப்படி நின்றன. அதே ஸ்காட்லாந்தின் அபெர்டீன் கரையில் 2018-இல் அமைந்த 11 காற்றாலைகளின் சட்டகங்களுக்குத் தூணே இல்லை: கவிழ்த்த வாளி போன்ற எஃகுக் கூடுகளை மண்ணில் வைத்து, உள்ளிருக்கும் நீரை வெளியே இறைக்கிறார்கள், வெளியழுத்தம் வாளியை மண்ணுக்குள் அமுக்கிவிடுகிறது. 60 மீட்டருக்கு மேல் மிதவைதான்; 2017-இல் இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் ஸ்காட்லாந்து அந்த வகையின் முதல் பண்ணை. அங்கே சிக்கல் மண்ணைவிட நங்கூரச் சங்கிலிக்கு நகர்ந்துவிடுவதால் அதைத் தனியே பேச வேண்டும்.

இனி நம் கடல். இந்தியாவின் தேசியக் கடற்காற்றாற்றல் கொள்கை 2015-இல் வந்தது. குஜராத்தின் காம்பே வளைகுடாவும் தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவும் முதன்மை இடங்களாக அடையாளம் காணப்பட்டன. இரு கரைகளிலும் சேர்த்துச் சுமார் 70 ஜிகாவாட் வாய்ப்பு இருப்பதாக ஒன்றிய அரசின் மதிப்பீடு. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. இரு மாநிலக் கரைகளிலும் தலா 500 மெகாவாட் அமைக்கவும், அதில் 600 கோடி துறைமுகங்களை மேம்படுத்தவும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பீறிடும் தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தலில் ஏற்கெனவே நிரூபித்த வளத்தின் தொடர்ச்சியே கடலுக்குள்ளும் இருக்கிறது. காற்றைப் பற்றி ஐயம் இல்லை.

ஐயம் தரையில்தான். மணப்பாடு, இராமேசுவரம் பகுதிகளின் கரையோரத்தில் சுண்ணாம்பால் ஒட்டிக்கொண்ட மணற்பாறைகள் வெளியிலேயே தெரிகின்றன. சிப்பி, பவளத் துணுக்குகளால் ஆன மணலும் இப்பகுதியில் உண்டு. வடகடலின் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், உருண்டை, கெட்டி. சுண்ணாம்பு மணலின் துகள் பொள்ளலானது, அமுக்கினால் நசுங்கும். தூணை அடிக்கும்போது சுற்றியுள்ள துகள்கள் நொறுங்கி விலகிவிட்டால், குழாயின் சுவரை இறுக்கிப் பிடிக்க மண் இருக்காது. 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் நார்த் ராங்கின் எரிவாயு மேடையை நிறுவியபோது, சம்மட்டிக்குக் காத்திருக்காமல் தூண்கள் தம் எடையிலேயே பல பத்து மீட்டர் கீழே இறங்கிப் போன நிகழ்வு துறையில் இன்றும் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. அந்த அடித்தளங்களைப் பின்னர் பெருஞ்செலவில் வலுப்படுத்த வேண்டியிருந்தது. சூத்திரம் பிறந்த மண் வேறு, பயன்படுத்திய மண் வேறு.

மெல்லிய மணலுக்கு அடியில் பாறை இருந்தால் சிக்கல் தலைகீழாகும். அடித்து இறக்கப் பார்த்தால் குழாயின் நுனி மடங்கும். நம் ஊரில் போர் போடும்போது மேல்மண்ணுக்குக் கேசிங் பைப் இறக்கி, பாறை தட்டியதும் துளைப்பானுக்கு மாறுவதைப் போல, பிரான்சின் சான் நசேர் பண்ணையில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மோனோபைல்களைப் பதித்தார்கள். 80 காற்றாலைகள், 480 மெகாவாட், 2022-இல் முழுமையாக இயங்கத் தொடங்கின. குடைந்த துளைக்கும் குழாய்க்கும் நடுவே கிரவுட் ஊற்ற வேண்டும் என்பதால் அதன் பழைய கவலைகள் வேறு வடிவில் திரும்புகின்றன. அதே நாட்டின் ஃபெக்கான் பண்ணை வேறு முடிவெடுத்தது. அங்கே 71 காற்றாலைகளும் ஒவ்வொன்றும் சுமார் 5,000 டன் எடையுள்ள கான்கிரீட் பீடங்களின் மேல் நிற்கின்றன. மல்லச்சந்திரத்து வழிதான். என் கணிப்பில், பாறை மேலாக இருக்கும் இடங்களில் தமிழ்நாடும் இந்த வழியைத் தீவிரமாக எடைபோட வேண்டும். பெரிய எஃகுக் குழாயை உருட்டும் ஆலையும், அதை அடிக்கும் கப்பலும் நம்மிடம் இன்னும் இல்லாத நிலையில், கான்கிரீட்டும் கருங்கல் ஜல்லியும் நமக்குக் கைவந்தவை. ஆனால் பீடம் உட்காருமிடத்தைச் சமன்செய்ய வேண்டும். மூன்று மடங்கு அகலத் தரையை அது அடைக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அருகே பவளமும் கடற்புல்லும் இருக்கும் இடத்தில் அந்த அகலம் சிறு செய்தி அன்று. சம்மட்டி அடியின் ஓசைக்கோ வேறொரு கணக்கு: ஜெர்மனி 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபல் என்று வரம்பு வைத்து, தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை எழுப்ப வைக்கிறது. ஆவுளியா என்னும் கடற்பசு வாழும் கடலில் அதைவிடத் தளர்வான வரம்பு வைக்க இடமில்லை.

தென்கடல் அலைகளுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. குமரிக்கரை மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்லும் பெருவீச்சு, தெற்குப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, காற்றே இல்லாத நாளில் கரையேறுவது. பதினைந்து நொடிக்கு மேல் இடைவெளியுள்ள அந்த அலையின் அதிர்வெண் 0.07 ஹெர்ட்ஸுக்கும் கீழே. கோபுரத்தோடு ஒத்ததிர்வு வராது. ஆனால் நீண்ட அலையின் அசைவு கடலடிவரை எட்டும் என்பதால் மணலை நகர்த்தும் வேலையை அது செய்யும். அரிப்புக்குழியின் கணக்கில் வடகடலின் எண்ணை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. புயலின் கேடு வேறு. இறகுகள் சுழலும்போது காற்றே கோபுரத்தின் ஆட்டத்தைத் தணிக்கும் மெத்தையாகச் செயல்படுகிறது. புயலில் சக்கரம் நின்றுவிட்டால் அந்தத் தணிப்பு பெரும்பாலும் போய்விடும். மண்ணும் நீரும் எஃகும் தரும் சிறு தணிப்பே மிஞ்சும். அலை மிகப் பெரிதாக இருக்கும் மணிநேரத்தில்தான் கோபுரம் மிகக் குறைந்த தணிப்போடு நிற்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்த கடல் இது.

இவற்றுக்கெல்லாம் விடை துளையிட்டு எடுக்கும் மண் மாதிரியில்தான் தொடங்கும். நீருக்கடியில் கூம்பு நுனியை அமுக்கி எதிர்ப்பை அளப்பதும், பாறையின் உருளை மாதிரியை எடுத்துச் சோதிப்பதும், முடிந்தவரை ஒவ்வொரு காற்றாலை நிற்கும் புள்ளியிலும் செய்யப்பட வேண்டியவை. நூறு மீட்டர் தள்ளிப் பாறை பத்து மீட்டர் கீழே போய்விடும் என்பதை, பக்கத்து வயலில் தண்ணீர் வந்தும் தன் வயலில் போர் பொய்த்த எந்த விவசாயியும் சொல்வார்.

கடைசியாக ஒன்று, பெரும்பாலான விவாதங்களில் விடுபடுவது. விண்டெபியின் 11 காற்றாலைகளும் 25 ஆண்டுகளுக்குப் பின் 2017-இல் அகற்றப்பட்டன. கான்கிரீட் பீடங்களை நின்ற இடத்திலேயே எந்திரக் கத்தரிகளால் நொறுக்கி, துண்டுகளை அள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மோனோபைலை அப்படி எடுக்க முடியாது. கடலடி மட்டத்துக்குச் சற்றுக் கீழே அறுத்து மேல்பகுதியை மட்டும் தூக்குகிறார்கள். மண்ணுக்குள் போன முப்பது, நாற்பது மீட்டர் எஃகு அங்கேயே கிடக்கிறது. தமிழ்நாட்டுக் கடலுக்கான ஒப்பந்தங்களில் அந்த மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்ற வரி, முதல் தூண் இறங்குவதற்கு முன்பே எழுதப்பட வேண்டியது.